வாடை திரும்பும் நாட்கள்: ராமநாதபுரம் கடற்கரையின் பருவமாற்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன புரட்டாசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை நோட்டோடு வந்து நின்றாள். ஏழாம் வகுப்பு. ‘இலையுதிர்காலத்தை வருணித்து ஒரு பக்கம் எழுதுக’ என்று வீட்டுப்பாடம். “மரங்கள் பொன்னிற இலைகளை உதிர்க்கின்றன. அணில்கள் கொட்டைகளைச் சேமிக்கின்றன” என்று தொடங்கியிருந்தாள். வாசலில் வேம்பு பச்சைப்பசேலென்று நிற்கிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது. “ஏத்தா, இது எந்த ஊருத்தா?” என்றேன். “புத்தகத்துல இப்படித்தான் மாமா போட்டிருக்கு” என்றாள். அன்று அவள் கேட்டது, பிறகு அவளுடைய டீச்சர் கேட்டது, கனடாவில் இருக்கும் தங்கை மகன் போனில் கேட்டது, டீக்கடையில் கிளம்பியது எல்லாம் சேர்ந்ததுதான் கீழே உள்ள கேள்விகள். மண்டபம் பக்கம் குடியிருந்துகொண்டு பல வருஷமாக நாள்நோட்டில் காற்றையும் மழையையும் குறித்து வருகிறேன். பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

நம் கடற்கரையில் இலையுதிர்காலம் உண்டா, இல்லையா?

இலை உதிர்கிற காலம் உண்டு. ஆனால் அது அக்டோபரில் வராது. வேம்பு மாசி, பங்குனியில்தான் கொட்டும். வாசல் கூட்டுகிற பெண்களைக் கேட்டால் சரியான வாரத்தையே சொல்வார்கள்.

பழைய கணக்கில் வருஷத்துக்கு ஆறு பெரும்பொழுது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மேற்கு நாட்டார் இலையை வைத்துப் பெயரிட்ட மாதங்கள் நமக்குக் காரிலும் கூதிரிலும் விழுகின்றன. கார் என்றால் கருமேகம், கூதிர் என்றால் குளிர்காற்று. இரண்டிலும் இலை என்ற பேச்சே இல்லை. கூதிர் இன்று ஏட்டோடு நின்றுவிட்டாலும் அதன் தங்கை கூதல் உயிரோடுதான் இருக்கிறது. கார்த்திகை விடியலில் கரைக்குப் போகிற யாரும் “கூதலடிக்குது” என்று துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வார்கள்.

அப்படியானால் எந்தத் தேதியில் தொடங்குகிறது?

மூன்று கணக்கு உண்டு, மூன்றும் ஒத்துப்போகாது. வானியல்படி செப்டம்பர் 22 அல்லது 23, பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் நாள். வானிலைத் துறையின் கணக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்க இயல்பான தேதி அக்டோபர் 20. காலண்டரில் ஐப்பசி முதல் தேதி அக்டோபர் 18 வாக்கில் வரும். கரையில் இந்த மூன்றையும் யாரும் பார்ப்பதில்லை. “வாடை தட்டிருச்சு” என்று எவராவது சொல்கிற நாள்தான் தொடக்கம். அது ஒரு வருஷம் புரட்டாசிக் கடைசியில் இருக்கும், இன்னொரு வருஷம் தீபாவளி தாண்டியும் இழுக்கும்.

காற்று திரும்பியதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எல்லாக் காற்றும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள், பெயர் தெரிந்தால் காற்று தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். மேற்கு, தென்மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து சோழகம். கிழக்கிலிருந்து கொண்டல். வடக்கு, வடகிழக்கிலிருந்து வாடை. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சானும் சோழகமும் மாறி மாறி அடிக்கும். ஆடியில் அம்மியையே பறக்கவிடும் என்பது அந்தக் காற்றைத்தான். கண்ணில் மணல், பல்லில் மணல், சோற்றில் மணல்.

புரட்டாசியில் அது தளர்ந்துபோகும். சில நாட்கள் காற்றே இருக்காது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், வீட்டுக்குள் இருக்க முடியாது. மொட்டைமாடியிலும் புழுக்கம். புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று சொல்லிவைத்தது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். இந்த அசையாத நாட்களைப் பலரும் கவனிப்பதில்லை. மாற்றம் நடப்பதே இதற்குள்தான் என்பது என் கட்சி.

பிறகு ஒரு விடியலில் கொடியில் காயப்போட்ட சேலையைப் பாருங்கள். மூன்று மாதமாக வடகிழக்கே பறந்துகொண்டிருந்தது இப்போது தெற்கே பறக்கும். வடக்குப் பார்த்த ஜன்னல் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். பனையோலையின் சலசலப்பும் வேறு பக்கத்திலிருந்து கேட்கும். எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது அம்மாதான். அடுப்படிப் புகை அதுவரை கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது, அன்று கூடத்துக்குள் வந்துவிடும். “வாடைய உள்ள விட்டது யாரு?” என்பாள். காஸ் அடுப்பு வந்த பிறகு இந்த அடையாளம் போய்விட்டது. கொடியில் கிடக்கும் சேலை போகாது.

வடகடல், தென்கடல் என்கிறார்களே, பருவத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இந்தக் கரையின் விசேஷமே அதுதான். மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை, இடையில் பாம்பன் வாய்க்கால் அறுத்தாலும், நிலம் ஒரு விரல்போல் கடலுக்குள் நீண்டிருக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சிலர் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். சுற்றுலா வருகிறவர்களிடம் வழிகாட்டிகள் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி, ஒன்று எப்போதும் சாது, மற்றது எப்போதும் முரடு என்று நினைக்க வைத்துவிட்டார்கள். வாடைக் காலத்தில் வந்து பார்த்தால் அந்தக் கதை தலைகீழாக இருக்கும்.

கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். நிலம் குறுக்கே நின்று மறைப்பதால் வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை தட்டியதும் வடகடலுக்குக் கோபம் வரும், தென்கடல் அடங்கும். பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். அடியில் சேறும் மணலும். வாடை அதைக் கிளறிவிட்டால் தண்ணீர் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும், ‘கலங்கல்’ என்பார்கள். அதே நாளில் தென்கரைக்குப் போனால் தண்ணீரில் கால்விரல் தெரியும்.

அதனால் வள்ளமும் வலையும் இடம் மாறுகின்றன. வடகரையில் கரைவலை இழுத்தவர்கள் தென்கரைக்குப் போவார்கள். படகைப் பார்த்தே பருவம் சொல்லிவிடலாம். பாம்பன் வாய்க்காலில் நீவாடும், அதாவது நீரோட்டமும், திசை மாறும். கச்சானில் தெற்கிலிருந்து வடக்கே ஓடிய தண்ணீர் வாடையில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். பாலத்தில் நின்று ஒரு காய்ந்த தென்னை மட்டையைப் போட்டுப் பாருங்கள். (போலீஸ்காரர் கேட்டால் ஆராய்ச்சி என்று சொல்லவேண்டாம், ஓடிவிடுங்கள்.)

வடகடலில் மூங்கில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கிறவர்களுக்கு இது கஷ்டகாலம். அலை மிதவையைப் பிய்த்துப் போட்டுவிடும் என்பதால் பலர் முன்கூட்டியே கரையேற்றி அடுக்கிவிடுவார்கள். கரையில் மூங்கில் அடுக்கு உயர்ந்தால் வாடை வரப்போகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

எல்லா மழையும் ஒரே மழைதானே?

இல்லவே இல்லை. புரட்டாசி மழை மேற்கே உள்நாட்டில் கருத்து, சாயங்காலம் இடியும் மின்னலுமாக வந்து, ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். ஐப்பசி மழை கடலிலிருந்து வரும். இடி குறைவு. பெரும்பாலும் பின்னிரவில், விடிகாலையில் பிடிக்கும். தூக்கத்தில் ஓட்டின் மேல் சத்தம் கேட்டு, கொடித்துணியை நினைத்து எழுந்து ஓடினால் அது ஐப்பசி. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் நமக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில்தான் விழவேண்டும். விழாவிட்டால் அடுத்த ஐப்பசிவரை குடத்தோடு அலையவேண்டியதுதான்.

சில சமயம் அளவே இல்லாமல் கொட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அன்றைக்கு என் நோட்டில் ஒரு வரிதான் இருக்கிறது: ‘எதிர்வீடு தெரியவில்லை.’

எறும்பும் தட்டானும் மழை சொல்லும் என்பது உண்மையா?

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை, தட்டான் தாழப் பறந்தால் மழை, அந்தி ஈசல் அடைமழை என்றெல்லாம் உண்டு. நான் கணக்கு வைத்துப் பார்த்ததில் எறும்பு சில தடவை சரி, சில தடவை சும்மா வீடு மாற்றியிருக்கிறது. ஈசல் மழையைச் சொல்வதைவிட, பெய்து முடிந்த மழைக்குச் சாட்சி சொல்லத்தான் அதிகம் வருகிறது.

தட்டான் விஷயம் தனி. புரட்டாசிக் கடைசியிலிருந்து கரையோரம் ஆயிரக்கணக்கில் மிதக்கும் மஞ்சள் தட்டான்களில் பெரும்பாலானவை வெகுதூரம் பயணம் செய்யும் இனம். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக, பருவக்காற்றில் ஏறி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைவரை போவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாலில் நூல் கட்டி நாம் விளையாடியது அப்படிப்பட்ட பயணியோடு.

முதல் நல்ல மழை விட்டதும் செம்மண் தேரியில் குனிந்து பாருங்கள். மிளகு அளவில், ரத்தச் சிவப்பில், வெல்வெட் துணி போர்த்தியதுபோல் தம்பலப்பூச்சி ஊரும். தொட்டால் கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். ஒரு நிமிஷம் பொறுத்தால் முதலில் ஒரு கால், பிறகு இன்னொன்று என்று நீட்டி, நாம் போய்விட்டோமா என்று பார்ப்பதுபோல் நின்று, கிளம்பும். வருஷத்தில் சில நாட்கள்தான் இது வெளியே வரும்.

பறவைகள் எப்போது வரும்? எங்கே பார்க்கலாம்?

சிறிசுகள் முதலில். செப்டம்பரிலேயே உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சேற்றுக்கரையில் ஓடிக்கொண்டிருக்கும். மின்கம்பியில் தகைவிலான் வரிசை கட்டும். பூநாரைக்கு அவசரமில்லை. மழை பெய்து தனுஷ்கோடிப் பக்கத்து ஆழமில்லாத கழிகளில் தண்ணீர் நின்ற பிறகு கூட்டமாக வந்திறங்கும். 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. உள்ளே தள்ளியிருக்கும் கண்மாய்களில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை நான்கும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. கண்மாய் நிறைந்தால்தான் அங்கே நீர்ப்பறவைகள் கருவேல மரத்தில் கூடு கட்டும். காய்ந்த வருஷத்தில் போனால் ஆடுதான் நிற்கும்.

மரம் செடிகளில் ஒன்றுமே மாறாதா?

மாறும், ஆனால் உதிர்வதில் இல்லை. சிவக்கிற இலைதான் வேண்டுமென்றால் வாதாம் மரம் இருக்கிறது. அது வருஷத்தில் இரண்டு தடவை சிவந்து கொட்டும், எந்தப் பருவத்தையும் பெரிதாக மதிக்காது. வேலியில் செங்காந்தள் நெருப்புப் பிடித்ததுபோல் பூத்தால் மழை மாதம் வந்துவிட்டது என்று பொருள். கார்த்திகைப்பூ என்ற பெயரே அதற்கு உண்டு.

ஆனால் இந்த மாவட்டத்தில் பருவம் பார்க்கப் பனையை விட்டால் வேறு மரம் தேவையில்லை. கோடையில் பதநீர், நுங்கு. ஆடியிலிருந்து பழம். ஆவணி, புரட்டாசி இரவில் தொப்பென்று விழுகிற சத்தம் கேட்கும். விடியுமுன் பொறுக்கப் போகாவிட்டால் ஆடு முந்திக்கொள்ளும். கருப்புத் தோலை உரித்தால் உள்ளே மஞ்சள் நார். அந்த வாசனை கையை விட்டு இரண்டு நாளைக்குப் போகாது. சுட்டுத் தின்ற பிறகு மீசையில் நார் மாட்டிக்கொள்ளும்.

தின்று சப்பிப்போட்ட கொட்டைகளைச் சேர்த்து வைப்பார்கள். மழைக்கு முன்னால் மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே மணலைத் தள்ளி மூடிவிடுவார்கள். வெளியே பார்த்தால் வெறும் மணல்மேடு. உள்ளே ஒவ்வொரு கொட்டையிலிருந்தும் வெள்ளையாக ஒரு முளை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். மற்ற நாட்டில் மரத்தின் மேலே பார்க்கவேண்டிய பருவத்தை நாம் பூமிக்குள் பார்க்கவேண்டியிருக்கிறது.

வயலிலும் உப்பளத்திலும் என்ன நடக்கும்?

நேரெதிர். இங்கே நெல் பெரும்பாலும் மானாவாரி. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். மழை பிந்தினால் விதையைக் குருவியும் எறும்பும் எடுத்துக்கொள்ளும். முண்டு மிளகாய்க்கும் இதுதான் பட்டம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய் அது. மறுபக்கம், வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் மழை என்றால் வேலை முடிந்தது. உப்புக் குவியலை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடுவார்கள். ஒரே மேகத்தை ஒருவர் வேண்டிக்கொள்வார், மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் சபிப்பார்.

வானத்தில் எதைக் கவனிப்பது?

நிழலை. ஆகஸ்ட் 28, 29 வாக்கில், அதாவது ஆவணி 12, 13-ல், நடுப்பகல் பன்னிரண்டேகால் மணிக்கு முற்றத்தில் உலக்கையை நிமிர்த்தி வையுங்கள். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதற்கு முன் தெற்கே விழுந்த நிழல் அதற்குப் பின் வடக்கே விழும். மார்கழிக்குள் ஒரு மீட்டர் கம்புக்கு அரை மீட்டருக்கு மேல் நீளும்.

சாயங்காலமும் சுருங்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆறரைக்குப் போன சூரியன் நவம்பர் நடுவில் ஆறுக்கு முன்பே போய்விடும். கரையில் விளையாடும் பையன்களுக்குக் கடைசி இரண்டு ஓவர் கிடைக்காமல் போவதும் பருவமாற்றம்தான். கார்த்திகை மாதம் விளக்கு வைக்கிற நேரத்தில் கிழக்கே அறுமீன் கூட்டம் ஏறி நிற்கும், மேகம் விட்டால்.

வெளிநாட்டில் மட்டும் இலை ஏன் அப்படிச் சிவக்கிறது?

தங்கை மகன் கேட்டது. அங்கே பகல் வெகுவாகக் குறையும், குளிர் வரும். மரம் இலையிலிருக்கும் பச்சையத்தைச் சிதைத்து, சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பச்சை போனதும், அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் தெரியும். சில மரங்கள் சிவப்பு நிறமியைப் புதிதாகச் செய்யும். நமக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒரு மணி நேரம்தான். “அப்ப உங்க ஊர்ல மரத்துக்கு லீவே கிடையாதா மாமா?” என்றான். கிடையாது.

புயலைப் பற்றியும் எழுதவேண்டுமா?

எழுதுங்கள், ஆனால் அலங்காரமில்லாமல். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டின் எண்ணைக் குறித்தாலே போதும். ஒன்றிலிருந்து பதினொன்றுவரை உண்டு, பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனது. ரயிலும் போனது. அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்றும் மார்கழி வாடையை ரசித்துப் பேசமாட்டார்கள். அவர்களிடம் ‘குளிர்ச்சியாக இருக்கிறதே’ என்று ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாள்நோட்டில் எப்படி எழுதுவது? எனக்கு வருணனை வராது.

வருணனை வராதவர்கள்தான் நன்றாக எழுதுகிறார்கள். ‘இதமான குளிர்ந்த தென்றல் வீசியது’ என்ற வரியை எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் எழுதலாம். (ஐப்பசியில் தென்றல் வீசவும் வீசாது, தென்றல் தெற்கிலிருந்து வருவது.) ‘ஐப்பசி 4, காலை 6. காற்று வடக்கு. வடகரையில் வள்ளம் ஒன்றுமில்லை. பாசி முழங்கால் உயரம் ஒதுங்கி நாறுகிறது’ என்று எழுதினால் அந்த நாள் அதில் இருக்கும். மணி, திசை, ஒரு பொருள், ஒரு வாசனை. இவ்வளவு போதும். தினமும் எழுத முடியாவிட்டால் வாரத்துக்கு ஒரு நாள், ஆனால் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். இன்னொரு விஷயம்: நடக்காததையும் குறியுங்கள். ‘இன்றும் காற்றில்லை’ என்று என் நோட்டில் ஒரு வருஷம் பதினோரு நாள் தொடர்ச்சியாக இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் எழுதியதன் ருசி அதனால்தான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை கடைசியில் பொன்னிற இலையை அடித்துவிட்டு எழுதினாள்: ‘எங்க வீட்டுக் கொடியில அம்மா சேலை இப்போ தெற்கே பறக்குது. அப்பா வலையைத் தென்கடலுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். சாயங்காலம் வர நேரமாகுது.’ டீச்சர் சிவப்பு மையில் ‘இலை எங்கே?’ என்று கேட்டிருந்தார். மறுநாள் அவரே இந்தக் கேள்விகளில் பாதியைக் கேட்டு அனுப்பினார்.

எப்போது முடிந்தது என்று வைத்துக்கொள்வது?

கார்த்திகைக்குப் பிறகு மழையுமில்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையுமில்லை என்பார்கள். கடல் அந்தப் பழமொழியைக் கேட்டதில்லை. 2020-ல் புரெவி டிசம்பரில் வந்து நம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது. வாடையும் தை வரை அடிக்கும்.

என் நோட்டில் நான் கோடு போடுவது பாத்தியைத் திறக்கிற நாளில். மார்கழிக் கடைசியில் மணலைத் தோண்டி ஒரு கொட்டையைப் பிடித்து இழுத்தால், முழங்கை நீளத்துக்குக் கிழங்கு வரும். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, மேல்தோலை உரித்து, நடுவிலிருக்கும் தும்பை எடுத்துப் போட்டுவிட்டு, நுனியிலிருந்து கடிக்கவேண்டும். நார் பல்லில் மாட்டும்.